விடியப்புறம் 3 மணிக்கு பற்றரி ஏன் இறங்குகிறது?

ஒலுவிலில் இறுதி ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். வாகரைப் பக்கம் அவருடைய மாமாவுக்கு ஒரு இறால் குளம் இருக்கிறது. அதற்கு ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றை வைத்து கண்காணிப்புக் கருவி செய்திருக்கிறார். நாலு கோர் (புரொசெசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), ஐந்து பணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. எதன் கெடு முந்தி வருகிறதோ அதை முதலில் ஓடவிடும் "முந்திய கெடு முதலில்" என்ற முறையில் ஓடவிட்டு, கடிகார வேகத்தைக் குறைத்தால் சக்தி மிச்சமாகும் என்று அவருடைய சேர் சொல்லியிருக்கிறார். குறைத்தும் பார்த்தாயிற்று. சோலரில் ஏறும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி இன்னும் விடியப்புறம் 3 மணிக்கே படுத்துவிடுகிறது. பிழை எங்கே என்பதுதான் கேள்வி.

தம்பி, சேர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அது கதையின் முதல் பாதி.

பற்றரிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 12ஐயும் 7ஐயும் பெருக்கினால் 84 வாட்-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துபோகும், ஆகவே பாதியோடு வெட்டிவிட வேண்டும், உங்கள் கைக்கு வருவது 42. பை 4 பலகை மட்டும் வேலை செய்யும்போது 5 வோல்ட்டில் ஏறக்குறைய 600 மில்லிஆம்பியர் இழுக்கும், அதாவது 3 வாட். கமராவும் 4ஜி டொங்கிளும் சேர்ந்தால் 4 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட்டை 5 ஆக்கும் மாற்றியில் 15 சதவீதம் போனால் பற்றரியிலிருந்து 4.7 வாட் போகிறது. 42ஐ 4.7ஆல் வகுத்தால் ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. மாலை 6 மணிக்கு வெயில் போனால் விடியப்புறம் 3 மணிக்குக் கொஞ்சம் முன்னம் முடிகிறது. உங்கள் கருவி பழுதில்லை, கணக்குச் சொன்ன நேரத்துக்கே செத்துப்போகிறது.

ஆபத்து என்னவென்றால், குளத்துத் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருப்பதும் விடியலுக்குச் சற்று முந்திய அந்த நேரத்தில்தான். இரவு முழுக்கப் பாசியும் இறாலும் சுவாசித்துத் தீர்த்த பிறகு, வெயில் வரும்வரை புதிதாக எதுவும் சேராது. லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் திணறும். உங்கள் கருவிக்கு உண்மையிலேயே கெடு என்று ஒன்று இருந்தால், அது அந்த நேரம் காற்றூட்டிச் சக்கரத்தை ஓடவைப்பது.

சரி, இனி வேகம். புரொசெசர் வேலை செய்யும்போது எடுக்கும் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்தையும் மீடிறனையும் (அதுதான் கடிகார வேகம்) பெருக்கியதற்கு விகிதசமம். மீடிறனைக் குறைத்தால் வோல்ற்றளவையும் கூடவே குறைக்க இடம் கிடைக்கும். ஆகவே வலு ஏறக்குறைய வேகத்தின் முப்படியாக விழுகிறது. வேலை முடிய எடுக்கும் நேரம் அதே அளவுக்கு நீளுவதால், ஒரு வேலைக்கான சக்தி வேகத்தின் வர்க்கமாகக் குறைகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி கால்வாசி. கெடுவுக்கு முன்னால் நேரம் மிச்சம் இருந்தால் ஏன் விழுந்தடித்து ஓடவேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து வந்ததுதான். 1995 இல் யாவ், டெமர்ஸ், ஷென்கர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒற்றைப் புரொசெசரில் எல்லாக் கெடுவையும் காப்பாற்றிக்கொண்டு மிகக் குறைந்த சக்தியில் ஓடும் வழியைக் கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். முந்திய கெடு முதலில் என்ற முறை அதைவிடப் பழையது. ஒற்றைப் புரொசெசரில், ஒவ்வொரு பணிக்கும் அடுத்த முறை வருவதுதான் கெடு என்றால், பயன்பாட்டு விகிதங்களின் (ஓடும் நேரத்தை, எவ்வளவு காலத்துக்கு ஒரு தடவை வருகிறதோ அதனால் வகுத்தது) கூட்டுத்தொகை 1 வரை போனாலும் அது தாங்கும் என்று லியூவும் லேலண்டும் 1973 இல் காட்டினார்கள்.

இந்தக் கணக்கில் விட்டுப்போனது கசிவு. டிரான்சிஸ்டர் எதுவும் செய்யாமல் இருந்தாலும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதோடு ரம் நினைவகம், யூஎஸ்பி, ஈதர்நெட் எல்லாம் கோரின் வேகம் என்னவென்று பார்ப்பதில்லை. நீங்கள் எவ்வளவு மெதுவாக ஓடுகிறீர்களோ அவ்வளவு நேரம் இவை விழித்திருக்க வேண்டும். 2022 இல் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய காலம் நினைவிருக்கும். கல்முனைக்குப் போய்வர 80இல் முறுக்கியவர்கள் எல்லாம் 40க்கு இறங்கினோம், பெற்றோல் மிஞ்சியது. அதற்காக முதலாம் கியரில் 10இல் உருட்டிக்கொண்டு போனவர் யாரும் இல்லை. புரொசெசருக்கும் அப்படி ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் ஒரு வேலைக்கான சக்தி மறுபடி ஏறத் தொடங்கும். 

ஈஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு உற்பத்தியாளர் தரும் அட்டவணையைப் பாருங்கள். வைபை, புளூடூத் பகுதியை அணைத்து இரண்டு கோரும் ஓடும்போது, 240 மெகாஹெர்ட்ஸில் 30 முதல் 68 மில்லிஆம்பியர், 80 மெகாஹெர்ட்ஸில் 20 முதல் 31. வேகம் மூன்றில் ஒன்று, அதனால் நேரம் மூன்று மடங்கு. உயர்ந்த முனையை எடுத்தால் 68க்கு எதிரே 93, தாழ்ந்த முனையை எடுத்தால் 30க்கு எதிரே 60. எந்தப் பக்கம் பார்த்தாலும் மெதுவாகப் போனவருக்குத்தான் நட்டம். அதே சில்லை வேலை முடிந்ததும் ஆழ்ந்த உறக்கத்தில் போட்டால் 10 மைக்ரோஆம்பியரில் கிடக்கும். இந்தச் சில்லில் ஓடி முடித்துப் படுப்பதுதான் புத்தி.

மறுகா, பல கோர்கள். ஒற்றைக் கோரில் "என்ன வேகம்" என்பது மட்டும்தான் கேள்வி. நாலு கோரில் "எந்தப் பணி எங்கே" என்பது அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. நீங்கள் அனுப்பிய ஐந்து பணிகளை முழு வேகமான 1500 மெகாஹெர்ட்ஸில் அளந்தபடி எடுக்கிறேன். கமராப் படத்தை ஆராய்வது 2 செக்கனுக்கு ஒரு தடவை, 1 செக்கன் பிடிக்கும், ஆகவே 0.5. தரவைச் சுருக்கி அனுப்புவது 10 செக்கனில் 3, அது 0.3. பதிவேடு எழுதுவது 0.2. சென்சர் வாசிப்பும் காற்றூட்டிக் கட்டுப்பாடும் தலா 0.1. மொத்தம் 1.2. இரண்டு கோர் போதும்.

பெரியதிலிருந்து தொடங்கி, இடம் இருக்கும் முதல் கோரில் திணித்துக்கொண்டே போனால் முதல் கோரில் 0.5, 0.3, 0.2 சேர்ந்து நிறைந்து 1.0 ஆகிவிடும். மற்றதில் 0.2. கெடு ஒன்றும் தவறாது. ஆனால் முதல் கோரின் வேகத்தைக் கடுகளவும் குறைக்க முடியாது. அதே பணிகளை 0.5உம் 0.1உம் ஒரு பக்கம், 0.3, 0.2, 0.1 மறுபக்கம் என்று பிரித்தால் இரண்டிலும் 0.6. இரண்டையும் 900 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கலாம். முழு வேகத்தில் ஓடும் ஒரு கோரின் வலுவை 1 என்று வைத்தால், இரண்டு கோரும் ஒரே வேகத்தில் ஓடும்போது திணித்த வழியில் 1.2 போகிறது, சமமாகப் பிரித்த வழியில் 1.2ஐ 0.36ஆல் பெருக்கி 0.432. ஒரு வரி நிரல்கூட மாறவில்லை, பணிகளின் இருப்பிடம் மட்டும்தான் மாறியது. முப்படி வளைவுக்குச் சமநிலைதான் பிடிக்கும். அதனால் பெரிய பணியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் அந்த நேரத்தில் பாரம் குறைந்த கோரில் போடுவது நல்ல வழி. மிகச் சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிப்பது என்பி-கடினமான கணக்கு, அதாவது பணிகள் கூடக்கூட விடை தேடும் நேரம் கட்டுக்கடங்காமல் போகும் வகை. அய்டினும் யாங்கும் 2003 இல் இதை எழுதி, பாரம் குறைந்த கோரில் போடும் வழி நடைமுறையில் நன்றாக நிற்கிறது என்றும் காட்டினார்கள். ஐந்து பணிக்கு அந்தப் பயம் வேண்டாம், கையாலேயே எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் மூன்று கோரில் பரப்பலாமே என்று கேட்பீர்கள். 0.5 தனியாக, 0.3உம் 0.2உம் சேர்ந்து, மிச்ச 0.2 மூன்றாவதில். வேகம் 0.5, சக்தி 0.30. நாலாவது கோரைச் சேர்த்து ஒன்றும் ஆகாது, ஏனென்றால் கமராப் பணியை இரண்டாகக் கிழிக்க ஒண்ணா. விழித்திருக்கும் ஒவ்வொரு கோரும் கசிவாக 0.1 எடுக்கிறது என்று சேர்த்துப் பாருங்கள்: இரண்டு கோருக்கு 0.632, மூன்றுக்கு 0.60. மூன்று கோர் வெல்கிறது. கசிவு 0.15 என்றால் 0.732க்கு எதிரே 0.75, இரண்டு கோர் வெல்கிறது. இன்னொன்று, வேகத்தைப் படிகளாகத்தான் மாற்றமுடியும். 100 மெகாஹெர்ட்ஸ் படிகள் என்று வையுங்கள். 900 கிடைக்கும், 750 கிடைக்காது, கெடுவுக்காக 800க்கு ஏறவேண்டும். அப்போது மூன்று கோரின் கணக்கு 0.641 ஆகி, கசிவு வெறும் 0.1 ஆக இருக்கும்போதே தோற்றுவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு படிகளுக்கு இடையில் மாறி மாறி ஓடி 750ஐ உண்டாக்கலாம். ஆனால் மாறும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விலை உண்டு. உங்கள் அறிக்கையில் இந்த ஒரு அட்டவணையை உண்மையான அளவீட்டோடு போட்டாலே நல்ல வேலை.

இனி ஒரு இடறல். பை 4இல் நாலு கோருக்கும் ஒரே கடிகாரம், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி. பில்லையும் ஷின்னும் 2001 இல் சொன்ன ஒரு நல்ல உத்தியை நீங்கள் போட்டிருக்கிறீர்கள்: பணி எதிர்பார்த்ததற்கு முன்னமே முடிந்தால், மிச்ச நேரத்தை உடனே வேகக் குறைப்பாக மாற்றுவது. கமராப் பணி 1 செக்கனுக்குப் பதிலாக 0.3இல் முடிகிறது, அந்தக் கோரின் தேவை 0.6இலிருந்து 0.25க்கு விழுகிறது. கடிகாரம் இறங்குமா? இறங்காது. பக்கத்துக் கோருக்கு இன்னும் 0.6 வேண்டும். மிச்சம் பிடித்த நேரம் அப்படியே வீணாகப் போகிறது. ஒரே கடிகாரத்தில் மிச்ச நேரத்தை வேகமாக மாற்றுவதை விட உறக்கமாக மாற்றுவதுதான் பயன்.

பணிகளை எந்தக் கோரிலும் ஓடவிட்டால் எல்லாம் தானாகச் சமமாகிவிடும் என்று ஆசைப்படாதீர்கள். இரண்டு கோர். 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை 1 மில்லிசெக்கன் ஓடும் சின்னப் பணிகள் இரண்டு. 10.5 மில்லிசெக்கன் கெடுவில் 10 மில்லிசெக்கன் ஓடவேண்டிய பெரிய பணி ஒன்று. மூன்றும் ஒன்றாக வருகின்றன. சின்னவைகளின் கெடு முந்தியது, ஆகவே இரண்டு கோரையும் அவை பிடித்துக்கொள்கின்றன. பெரியது 1இல் தொடங்கி 11இல் முடியும். கெடு போச்சு. இரண்டு கோரின் மொத்தக் கொள்ளளவில் 1.15 மட்டும்தான் கேட்கப்பட்டது! 1978 இல் தாலும் லியூவும் எழுதிய இந்த விஷயம் இன்றைக்கும் புதியவர்களைக் கவிழ்க்கிறது. இன்ன பணி இன்ன கோரில்தான் என்று பிரித்துக்கொடுப்பது உங்கள் அளவுக்குப் போதும். லினக்ஸில் 2014 இலிருந்து கெடு வகைத் திட்டமிடல் இருக்கிறது. ஆனால் அந்த வகைப் பணியை நேரே ஒரு கோரோடு கட்டப்போனால் மறுத்துவிடும். சிபியூசெட் என்ற லினக்ஸ் வசதியைக் கொண்டு கோர்களைத் தனித்தனியே பிரித்த பிறகுதான் விடும். நான் இதில் ஒரு முழுப் பின்னேரம் இழந்தவன். சக்தி அறிந்த திட்டமிடல் என்று 2019 இல் லினக்ஸ் 5.0 பதிப்போடு வந்தது உங்களுக்கு உதவாது. அது பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்திருக்கும் சில்லுகளுக்கானது. உங்கள் நாலும் ஒரே அளவு.

உறக்கத்துக்கு வருவோம். படுக்கவும் எழும்பவும் செலவு உண்டு. அந்தச் செலவு 2 ஜூல், உறங்கும்போது மிச்சம் 1 வாட் என்றால், 2 செக்கனுக்குக் குறைவான இடைவெளியில் உறங்குவது நட்டம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நம்முடைய வட்டவிதானைமார் இதை நன்றாக அறிவார்கள். ஒவ்வொருவர் வயலுக்கும் கேட்கும்போதெல்லாம் மதகைத் திறந்தால், காய்ந்த வாய்க்கால் நனையவே பாதித் தண்ணீர் போய்விடும். அதனால் முறை வைத்து, திறந்தால் ஒரு வட்டை வயல் முழுவதற்கும் ஒன்றாகப் பாயவிடுவார்கள். உங்கள் பணிகளையும் அப்படிக் கட்டுங்கள். கெடு இடம் கொடுக்கும் அளவுக்குத் தொடக்கத்தைப் பின்தள்ளி, பல பணிகளை ஒரே விழிப்பில் முடியுங்கள். 700, 1100 மில்லிசெக்கன் என்று கண்டபடி இருக்கும் ஆவர்த்தன காலங்களை 500, 1000 என்று ஒன்றுக்கொன்று மடங்காக மாற்றினால் விழிப்புகள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று விழும். காலத்தைக் குறைப்பதால் வேலை கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மனம் நோகாமல் ஒன்று கேட்கிறேன். காற்றூட்டியை 100 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்? குளத்து ஒட்சிசன் மணிக்கணக்கில் இறங்கும் சாமான். நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு தாராளம். கலங்கிய தண்ணீரை இரவில் 2 செக்கனுக்கு ஒரு தடவை படம் எடுத்தால் கறுப்புப் படம்தான் சேரும். பாடப்புத்தகத்தில் கெடு மேலிருந்து கொடுக்கப்பட்ட ஒன்று. குளத்தில் அதை நீங்களும் மாமாவும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியது. திட்டமிடலில் என்ன வித்தை காட்டினாலும் இந்த இடத்தில் கிடைக்கும் மிச்சத்துக்குக் கிட்டவும் வராது.

பை 4க்குத் தூக்க நிலையே இல்லை, சும்மா இருக்கும்போதும் 2 வாட்டுக்கு மேல் இழுக்கும். உங்கள் வேகக் குறைப்பு பற்றரியில் தெரியாமல் போனதன் காரணம் இது. ஆகவே என் யோசனை, வேலையை இரண்டு சில்லுக்குப் பிரியுங்கள். சென்சரும், காற்றூட்டியைப் போட்டு அணைக்கும் ரிலேயும் ஒரு ஈஎஸ்பி32இல். இறுக்கமான கெடு எல்லாம் அதனிடம். பையின் மின்சாரத்தை அதே ஈஎஸ்பி32 அரைமணிக்கு ஒரு தடவை திறந்து, 3 நிமிடம் விட்டு, ஒழுங்காக மூடச் சொல்லி அணைக்கட்டும். பை எழும்பவே அரை நிமிடம்போல் போகும், அதையும் சேர்த்துத்தான் 3. சின்னச் சில்லு உறங்காமலே 50 மில்லிஆம்பியர் எடுத்தாலும் 12 மணி நேரத்துக்கு 2 வாட்-மணி. பத்தில் ஒரு பங்கு நேரம் விழித்திருக்கும் 4 வாட் தொகுதிக்கு 4.8. மாற்றி இழப்போடு சேர்த்து 8. உங்களிடம் இருப்பது 42. மழைக்காலத்தில் மூன்று நாள் வெயில் முகம் காட்டாவிட்டாலும், பகலிலும் இதே அளவுதான் என்று பிடித்தால், 48. இரண்டரை நாள் தாங்கும், மிச்சத்துக்கு இரவில் கமராவை நிறுத்துங்கள்.

அளக்கும்போது இரண்டு விஷயம் கவனம். ஒரு பணியின் அதிகபட்ச ஓட்ட நேரத்தை ஒலுவிலில் ஏசி அறையில் எடுத்திருப்பீர்கள். குளத்தங்கரையில் தகரப் பெட்டிக்குள், நண்பகலில், பை 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைக்கும். காகிதத்தில் 0.6 இருந்த கோர் அங்கே 1ஐத் தாண்டலாம். சூடேறினால் கசிவும் கூடும். பெட்டிக்கு நிழல் வையுங்கள், வெள்ளை அடியுங்கள். அடுத்தது, வேகத்தைக் குறைத்தால் எல்லாப் பணியும் அதே விகிதத்தில் நீளாது. நினைவகத்துக்காகக் காத்திருக்கும் பணி அவ்வளவு நீளாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் தனித்தனியே அளவுங்கள், பெருக்கி எடுக்காதீர்கள்.

என் கதை ஒன்று. சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு ஈரப்பதம் பார்க்கும் கருவி செய்தபோது, சக்தி மிச்சம் பிடிக்கிறேன் என்று பையின் உள்கடிகாரத்தை இறக்கினேன். அன்றிரவு முழுக்கச் சென்சரிலிருந்து குப்பை எழுத்துகள். சென்சரோடு பேசும் பையின் சின்னத் தொடர் இணைப்பு தன் வேகத்தை அந்தக் கடிகாரத்திலிருந்துதான் எடுக்கிறது என்பது விடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறாலாக இருந்திருந்தால் மாமாவின் முகத்தில் விழித்திருக்க முடியாது.

அதனால் ரிலேயை மட்டும் மாற்றிக் கட்டுங்கள். கருவிக்கு மின்சாரம் இல்லாமல் போனால் காற்றூட்டி தானாக ஓடத் தொடங்கும்படியான முனையில் வயரைப் போடுங்கள். காற்றூட்டி மின்சபைக் கறன்டில் ஓடுகிறது, உங்கள் பற்றரியில் இல்லை. பற்றரி 3 மணிக்குப் படுத்தாலும் சக்கரம் சுற்றட்டும்.